நாளுக்கு 900 ரூபாய், தங்க இடம், பேட்டா தனி: ரோட்ஷோ வேலைக்குப் போகலாமா?

19 ஜூலை 2025 (கேள்வி)

டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் டீத்தூள் கம்பெனி புரமோஷனுக்கு ஆள் எடுக்கிறார். மதுரையில் ஆரம்பித்து தென்மாவட்டம் முழுக்க வண்டியோடு போக வேண்டுமாம். நாளுக்கு 900, தங்க இடம், சாப்பாட்டுக்குப் பேட்டா தனி. மாதம் 27,000 வருகிறது. இங்கே பக்கத்து மில்லில் 14,000 தான். வீட்டில் "ஊர் சுத்துற வேலை, வேண்டாம்" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

19 ஜூலை, இரவு (பதில்)

தம்பி, 27,000 என்று ஆள் எடுக்கிறவர் சொன்னாரா, நீயே 30-ஆல் பெருக்கினாயா? பெரும்பாலும் நீதான் பெருக்கியிருப்பாய். இந்தத் தொழிலில் யாரும் மாதச் சம்பளம் பேச மாட்டார்கள். பேசுவது "லைவ் டே" கணக்கு. வண்டி நின்று, கேனோபி (மடக்குக் கூடாரம்) விரித்து, ஆள் வந்து, ஏஜென்சிக்குப் போட்டோ போன நாள்தான் லைவ். ராத்திரி முழுக்க நாகர்கோவிலுக்கு வண்டியில் போனது, மறுநாள் காலையில் பர்மிஷனுக்காக போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது, மழை வந்து கட்டிவைத்தது எதுவும் லைவ் இல்லை.

ஒரு வாரத்தில் நாலு நாள் லைவ், ஒரு நாள் பயணம், ஒரு நாள் செட்டப், ஒரு நாள் மழை என்று வை. கையில் 3,600. ஏழு நாளுக்குப் பிரித்தால் 514 ரூபாய் சொச்சம். மில் சம்பளமும் அந்தப் பக்கம்தான் வரும். அது வீட்டுச் சாப்பாட்டோடு.

அதனால் போகலாமா என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் அவரிடம் இரண்டு கேள்வி கேள். பயண நாளுக்கு என்ன? லைவ் இல்லாத நாளுக்கும் பேட்டா உண்டா? பாதிச் சம்பளம் என்றால்கூடச் சரி. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொன்னால் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்.

20 ஜூலை

"அக்கா ரொம்ப பயமுறுத்துறீங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயமுறுத்தவில்லை. நான் திண்டுக்கல். கல்லூரி முடித்த வருஷம் ஷாம்பு பாக்கெட் கொடுக்கும் புரமோட்டராகச் சேர்ந்தேன். அப்புறம் மைக் பிடித்தேன், இப்போது டீம் லீடர். இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன்.

காசு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் ஏன் லேட் ஆகிறது என்பதும் தெரியும். கம்பெனி ஒரு பெரிய ஏஜென்சிக்குக் கொடுக்கும், அது பெரும்பாலும் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும். அது சென்னையில் ஒரு வெண்டருக்கு. வெண்டர் மதுரையில் ஒரு கோஆர்டினேட்டருக்கு. கோஆர்டினேட்டர் உனக்கு. மேலே ஒரு இடத்தில் பில் நின்றால் கீழே எல்லாருக்கும் நிற்கும். கோஆர்டினேட்டர் கெட்டவர் என்று இல்லை, பாதி நேரம் அவரே டீசலுக்குக் கைக்காசு போட்டிருப்பார்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் வருஷச் சட்டமே இருக்கிறது. உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு செய்திருந்தால் அரசுத் தளத்தில் புகார் போடலாம். தனியாக எம்சி (மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவது) பண்ணுகிறவர்கள், போட்டோ எடுப்பவர்கள் பதிந்துகொள்ளலாம், பதிவு இலவசம். 900 ரூபாய் புரமோட்டருக்கு இது கைகொடுக்காது. உனக்குக் கைகொடுப்பது வாராவாரம் பேட்டாவைக் கையில் வாங்கிக்கொள்வதுதான். சம்பளம் நிற்கலாம், சாப்பாட்டுக் காசு நிற்கக் கூடாது.

22 ஜூலை

"குட்டி யானையில் போவோம் என்கிறார்கள், அது எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாய். டாடா ஏஸ் தம்பி. தும்பிக்கை கிடையாது, ஏசியும் கிடையாது. பின்னால் இரும்பு பிரேம் அடித்து மூன்று பக்கம் ஃப்ளெக்ஸ், உள்ளே ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்), இரண்டு ஸ்பீக்கர், மடக்கு மேசை, சாம்பிள் பெட்டிகள், அதற்கு மேலே உங்கள் பைகள். பெரிய பட்ஜெட் என்றால் கேன்டர் லாரி வரும், எல்இடி திரையோடு. முன் சீட்டில் டிரைவரோடு ஒருவர்தான் உட்காரலாம். மற்றவர்கள் பஸ். பஸ் டிக்கெட்டை பத்திரமாக வை. டிக்கெட் இல்லை என்றால் கணக்கில் அந்தக் காசு வராது.

26 ஜூலை

பர்மிஷன் பற்றித் தனியாக எழுதச் சொல்லி நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

புதிதாக வருகிறவர்கள் கூட்டம் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அது மிகச் சுலபம். மைக்கில் "இலவசம்" என்று ஒரு தரம் சொன்னால் போதும். நிற்க ஒரு இடம் கிடைப்பதுதான் வேலை. பஸ் ஸ்டாண்ட் என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி. கோயில் இடம் என்றால் அறநிலையத்துறை. ரோட்டோரம் என்றால் போலீஸ். மைக்குக்கு எங்கே நின்றாலும் ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஸ்பீக்கர் கிடையாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காலேஜ், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இது 2000-ம் வருஷ ஒலி மாசு விதி. மேலே உட்கார்ந்து பிளான் போடுகிறவர் மேப்பைப் பார்த்து "காலேஜ் கேட், யூத் கிரவுட்" என்று எழுதிவிடுவார். அங்கே மைக்கை ஆன் பண்ணிவிட்டு பதில் சொல்ல வேண்டியது நாம்.

சுலபமான வழி கடை வாசல். நல்ல மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் "உங்க கடையில் இந்த டீத்தூள் இருக்குன்னு மைக்கில் சொல்றோம்" என்று சொன்னால் அவரே கரண்ட் கொடுப்பார், ஜென்செட் டீசல் மிச்சம். சில ஊரில் டீயும் கொடுப்பார். நாம் டீ விற்கப் போன இடத்தில் வேறு கம்பெனி டீ குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது தனி அனுபவம்.

டீ சாம்பிளிங் என்பதால் இன்னொன்று. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எல்லா டீக்கடையிலும் இருக்கிறதே என்று கேட்காதே. டீக்கடையை விட்டுவிடுவார்கள், பெரிய கம்பெனி பேர் எழுதிய வண்டியை விட மாட்டார்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் முதலில் கப் பெட்டியைத்தான் திறக்கச் சொல்வார். என்ன கப் அனுப்புகிறார்கள் என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடு.

26 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

தேர்தலை விட்டுவிட்டேன். 2024 மார்ச் 16 அன்று நடத்தை விதி வந்ததும் எங்கள் வண்டியை பறக்கும் படை நிறுத்தியது. உள்ளே எவர்சில்வர் டம்ளர் பெட்டிகள், பாதிப் பெட்டியில் கம்பெனி பேரே இல்லை. ஓட்டுக்குக் கொடுக்கப் போகிற டம்ளர் மாதிரியேதான் இருந்தது, அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. இன்வாய்ஸ், டெலிவரி சலான், கம்பெனி லெட்டர் எல்லாம் டிரைவர் சீட்டுக்கு அடியில் கிளிப் போட்டு இருந்ததால் சாயங்காலத்துக்குள் விட்டார்கள். அடுத்த கோடையில் சட்டமன்றத் தேர்தல். எந்த ஏஜென்சியாவது ஏப்ரல் முழுக்க வேலை இருக்கிறது என்று ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வா.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

திருச்சியில் இருக்கிறேன். பஞ்சப்பூர் புது பஸ் நிலையம் ஓட ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பிளானில் இன்னும் "சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட், ஹை ஃபுட்ஃபால்" என்று இருக்கிறது. வெளியூர் பஸ் பிடிக்கிற கூட்டத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. இப்படித்தான் கிளாம்பாக்கம் திறந்த புதிதில் கோயம்பேட்டில் நின்று ஈ ஓட்டிய டீம்கள் உண்டு.

ஊருக்கு ஊர் கிழமை வேறு, இதை எந்த பிரசன்டேஷனிலும் போட மாட்டார்கள். ஈரோடு என்றால் திங்கள் ராத்திரியிலிருந்து செவ்வாய், ஜவுளிச் சந்தை. பொள்ளாச்சி என்றால் வியாழன். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஊரே கடைவீதியில். வார நாளில் அங்கே மதியம் நின்றால் ஃப்ளெக்ஸில் இருக்கும் நடிகையும் நாமும்தான். உழவர் சந்தை எந்த ஊரிலும் காலை ஆறிலிருந்து எட்டு. பையோடு வருகிற, சமையலுக்கு வாங்குகிற ஆள். டீத்தூளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, மைக்கும் தேவையில்லை. ஆனால் புரமோட்டர் ஐந்து மணிக்கு எழ வேண்டும், அதனால் எந்த டீமும் போகாது.

மைக் பிடிப்பவருக்கும் ஊர் மாற மாற வாய் மாற வேண்டும். கோயம்புத்தூரில் "வாங்கண்ணா, ஏனுங்க அக்கா" என்றால் நிற்பார்கள். அதே குழைவைத் தூத்துக்குடியில் காட்டினால் "என்னத்த விக்கப் போறானோ" என்று நகர்ந்துவிடுவார்கள். அங்கே நேராக விலையைச் சொல்ல வேண்டும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இரண்டு வரி தெரிந்திருந்தால் நாளுக்கு 300 கூடக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

4 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "பிளான் போடுகிறவர்கள் எல்லாம் முட்டாள்களா" என்கிறார். இல்லை. அவர்களுக்கு ஒரு ராத்திரியில் நாற்பது ஊர் பட்டியல் வேண்டும், நமக்கும் அந்த நாற்பது ஊரும் தெரியாது. எனக்கும் டெல்டா பக்கம் சரியாகத் தெரியாது. கும்பகோணத்துக்குப் போனால் உள்ளூர் வெற்றிலைக் கடைக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவேன்.

17 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி சேர்ந்துவிட்டான்! பயண நாளுக்குப் பாதிச் சம்பளம், பேட்டா தினமும் 250 என்று பேசி வாங்கியிருக்கிறான். என் பேச்சைக் கேட்டு ஒருவர் சம்பளம் பேசியது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். என் தங்கைகூடக் கேட்டதில்லை.

அவன் கேட்டிருப்பது: "தினமும் 150 கான்டாக்ட் எடுக்கணும்னு சொல்றாங்க, 60 தான் வருது, மத்தவங்க எப்படி 150 போடுறாங்க?"

கான்டாக்ட் என்றால் வருகிறவர்களின் பேரும் போன் நம்பரும். எப்படிப் போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சொந்தக்காரர் நம்பர், பழைய ஊர் லிஸ்ட், கடைசி எண்ணை மாற்றிய நம்பர். சூப்பர்வைசருக்கும் தெரியும், வெண்டருக்கும் தெரியும். அதனால்தான் ஜிபிஎஸ் கேமரா போட்டோ வந்தது. நேரமும் இடமும் படத்திலேயே விழும். உடனே அதற்கும் வழி வந்தது: ஒரே இடத்தில் டீஷர்ட்டை மாற்றி மாற்றி நின்று மூன்று நாள் போட்டோ. இப்போது சில கம்பெனிகள் மறுநாள் பத்து நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதில் நாலு பேர் "எந்த டீத்தூள்?" என்றால் அந்த டீமுக்கே பில் வெட்டு.

60 உண்மையாக வந்தால் 60 என்று போடு. கூடவே, அன்று நின்ற இடம் ஏன் சரியில்லை என்று ஒரு வரி குரூப்பில் எழுது. மழை, கடையடைப்பு, பக்கத்தில் துக்கம், எதுவானாலும். வாரக் கடைசியில் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு அந்த வரி தேவைப்படும். அப்படி எழுதுகிற பையன்களைத்தான் அடுத்த வேலைக்கு நான் கூப்பிடுவேன்.

நம்பர் கொடுக்க ஜனங்கள் தயங்குவதும் நியாயம்தான். என் அம்மாவே கொடுக்க மாட்டார்.

31 ஆகஸ்ட்

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா என்று ஒரு பெண் தனியாகக் கேட்டார். பொதுவில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

வரலாம். பெண் புரமோட்டருக்கு வேலை கூடுதலாகவே கிடைக்கும், சமையல் பொருள், தலைமுடி எண்ணெய், குழந்தைப் பொருள் எல்லாவற்றுக்கும் பெண்கள்தான் கேட்பார்கள். தொல்லை வேறு இடத்தில். ஒரு ஊரில் லாட்ஜில் நானும் இன்னொரு பெண்ணும் ராத்திரி பத்தரைக்கு ஆதாரோடு நிற்கிறோம், "ஆம்பளை துணை இல்லாம ரூம் கிடையாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். பையன்களுக்கு அதே கவுண்டரில் ரூம் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் டிரைவர் அண்ணன் தன் அக்கா வீட்டுக்குப் போன் போட்டார், அங்கே தூங்கினோம். அதிலிருந்து என் டீமில் பெண்கள் இருந்தால் ரூம் முன்கூட்டியே புக் ஆகி, பெயர் போட்ட ரசீது என் போனுக்கு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். ஏஜென்சி முறைக்கும். முறைக்கட்டும்.

அடுத்தது கழிப்பறை. இதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் வெயிலில் நின்று நீர்க்கடுப்போடு வீட்டுக்குப் போகிற பெண்கள் எத்தனையோ. பெரிய ஜவுளிக்கடை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். சுத்தமாக இருக்கும், எதுவும் வாங்கச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது மாடியில்தான் பெரும்பாலும் இருக்கும், லிஃப்ட் உண்டு. யூனிஃபார்ம் டீஷர்ட் மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு போங்கள், போட்டிக் கம்பெனி ஆள் என்று பார்க்க மாட்டார்கள். அடுத்தபடியாகப் பெட்ரோல் பங்க். பஸ் ஸ்டாண்ட் கடைசிதான்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பா இன்னும் சொந்தக்காரர்களிடம் "மார்க்கெட்டிங்" என்றுதான் சொல்கிறார்.

7 செப்டம்பர்

நான் இப்போது டிவி கம்பெனி புரமோஷன் வண்டியில். வேலை இருக்கிறது, விற்பனை இல்லை. ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையும் என்று பேச்சு வந்தது, செப்டம்பர் 3 அன்று முடிவாகிவிட்டது. 32 இன்ச்சுக்கு மேல் டிவிக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆகிறது, 22-ம் தேதியிலிருந்து. திண்டுக்கல்லில் ஒரு பெரியவர் 43 இன்ச் டிவி முன்னால் அரை மணி நேரம் நின்று, ரிமோட்டை வாங்கி எல்லாச் சேனலும் பார்த்து, சத்தம் எப்படி என்று கேட்டு, விலையைக் குறித்துக்கொண்டு, "சரிம்மா, இருபத்திரண்டுக்கு மேல வர்றேன்" என்று கிளம்பினார். அவர் செய்தது சரிதானே! நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நாளுக்கு இத்தனை விற்க வேண்டும் என்ற டார்கெட் மட்டும் குறையவில்லை.

24 செப்டம்பர்

விலை மாறியாயிற்று. எங்கள் ஸ்டான்டி, பேனர், வண்டி ஃப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் பழைய விலை பெரிய எழுத்தில். புது ஃப்ளெக்ஸ் வரும் வரை வெள்ளை ஸ்டிக்கர் வாங்கி, மார்க்கரில் எழுதி ஒட்டினோம். கம்பெனிகளே பழைய ஸ்டாக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்ட டிசம்பர் 31 வரை அனுமதி இருக்கிறது, நாங்கள் ஒட்டக் கூடாதா? கோஆர்டினேட்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு "கையெழுத்து அழகா இருக்கு" என்றார். புகழ்ந்தாரா திட்டினாரா தெரியவில்லை.

கூட்டம் மட்டும் அள்ளுகிறது. திண்டுக்கல் பெரியவர் வந்தாரா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வண்டி இப்போது தேனியில் நிற்கிறது, எனக்கு எப்படித் தெரியும்?

5 அக்டோபர்

செப்டம்பர் 27 கரூரில் விஜய் கட்சிக் கூட்டத்தில் நடந்த நெரிசல் எல்லாருக்கும் தெரியும். 41 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம், வேறு இழைகளில் நடக்கிறது. அதன் பிறகு எங்கள் பக்கம் மாறியதை மட்டும் எழுதுகிறேன். போன வாரம் ஸ்டேஷனில் முதல் தடவையாகக் கேட்டார்கள்: எவ்வளவு பேர் வருவார்கள், எந்தப் பக்கம் வெளியே போவார்கள், ஜென்செட் எங்கே இருக்கும். ஒரு டிவி வண்டிக்கு இவ்வளவா என்று எங்கள் பையன் முணுமுணுத்தான். எனக்கு அது சரி என்று பட்டது.

சில எம்சிக்கள் டீஷர்ட்டைச் சுருட்டிக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். வீடியோவில் நன்றாக இருக்கும், கம்பெனிக்கும் பிடிக்கும். ஒரு கிரிக்கெட் சீசனில் அப்படி வீசியபோது, இரண்டு பேர் இழுத்ததில் நடுவில் நின்ற ஐந்தாறு வயசுப் பையன் வண்டியின் இரும்பு விளிம்பில் நெற்றி மோதி விழுந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, தையல் போட்டு அனுப்பினார்கள். அதன்பின் என் டீமில் வீசுவது கிடையாது. கயிறு கட்டி ஒரு வழி உள்ளே, ஒரு வழி வெளியே. டோக்கன் கொடுத்து, சின்னப் பிள்ளைகள் முதலில். பரிசு வண்டியின் பின்பக்கத்திலிருந்து கொடுக்கக் கூடாது, மேசைக்கு வர வேண்டும். ரீல்ஸுக்கு சுவாரசியம் குறைவு என்று ஏஜென்சியில் சொன்னார்கள்.

தீபாவளிக் கூட்டத்தில் புதிதாக மைக் பிடிக்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

12 அக்டோபர்

மில்லா ரோட்ஷோவா என்று தம்பி மறுபடி கேட்கிறான். அவனுக்கு மில்லில் இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம்.

ஜூலையில் நான் சொன்ன கணக்கு இன்னும் சரிதான். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் நானே இதில் இருந்திருக்க மாட்டேன். இரண்டு வருஷம் இதில் இருந்தவனுக்கு இருபது ஊரில் ஃப்ளெக்ஸ் அடிப்பவர், ஃபேப்ரிகேஷன்காரர், வண்டி டிரைவர், ஸ்டேஷனில் மனு வாங்கும் ஏட்டு வரை நம்பர் இருக்கும். அந்த போன் புத்தகத்தை வைத்துத்தான் கோஆர்டினேட்டர் ஆகிறார்கள். ஆகாதவர்கள் முப்பது வயசிலும் அதே 900-ல் நிற்கிறார்கள், அப்படியும் பார்த்திருக்கிறேன். உனக்கு ஊர் மாறினால் தூக்கம் வருமா, புது ஆளிடம் பேச வருமா? வருமென்றால் இரு. தீபாவளி முடிந்ததும் நவம்பரில் மழையும் வேலையின்மையும் சேர்ந்து வரும், அந்த மாதத்துக்குக் கையில் காசு வைத்துக்கொள். மில்காரரிடம் ஜனவரி வரை நேரம் கேட்டுப் பார். கொடுக்க மாட்டார், ஆனாலும் கேள்.

21 அக்டோபர்

தம்பிக்கு முதல் செட்டில்மென்ட் வந்துவிட்டதாம், சொன்ன தேதியைத் தாண்டித்தான். அதில் 10 சதவீதம் பிடித்திருக்கிறார்கள், ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்கிறான்.

ஏமாற்று என்று உடனே சொல்லாதே, அது டிடிஎஸ், காசு கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி. லேபர் கான்ட்ராக்ட் என்று போட்டால் தனி ஆளுக்கு 1 சதவீதம், புரொஃபஷனல் ஃபீஸ் என்று போட்டால் 10. எது உன் பில்லில் இருக்கிறது என்று கேள். பான் நம்பர் கொடுக்காதவர்களுக்கு 20 வரை பிடிப்பார்கள், உன் கூட இருக்கும் பையன்களிடம் சொல். பிடித்ததை உன் பான் நம்பரில் கட்டினார்களா என்பதுதான் முக்கியம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிடித்ததற்கு அக்டோபர் 31-க்குள் கணக்குக் காட்ட வேண்டும். நவம்பர் பாதியில் ஃபார்ம் 16ஏ (வரி பிடித்ததற்கான சான்று) கேள், வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் (உன் பேரில் கட்டிய வரிப் பட்டியல்) எடுத்துப் பார். அங்கே இருந்தால், வருஷம் முடிந்ததும் ரிட்டர்ன் போட்டு முழுசாகத் திரும்ப வாங்கிவிடலாம், உன் வருமானத்துக்கு வரியே கிடையாது. அங்கே இல்லை என்றால் அப்போது ஏஜென்சியோடு பேசலாம், நானும் வருகிறேன்.

கேன்டரில் ஜென்செட் சத்தத்துக்குக் காதில் என்ன வைக்கலாம் என்று கேட்டவருக்கு: மருந்துக்கடையில் ஃபோம் இயர்பிளக் கிடைக்கும், விலை ரொம்பக் குறைவு. பஞ்சு வேண்டாம்.